தாளில் தெரிந்த விண்மீன்

விண்மீன்களைக் கண்ணாற் கண்டு வியப்போர் பலர். ஆயின் அவை அனுப்பும் கதிர்களுள் கண்ணுக்குப் புலனாவது மிகச் சிறிய கூறே. ரேடியோ அலைகள், அகச்சிவப்புக் கதிர்கள், எக்ஸ் கதிர்கள், காமாக் கதிர்கள் ஆகிய யாவும் ஒளியின் உடன்பிறப்புகளே. அவை அலைநீளத்தால் வேறுபடுவன. ஒவ்வொன்றையும் பற்றுதற்குத் தனிக் கருவி வேண்டும். அதனைக் கையாளத் தனிப்பயிற்சியும் வேண்டும். இவ்வாறு பன்முறை புதிய மாணவராகி வானநூல் பயின்றவர் ஜாசலின் பெல் அம்மையார்.

வட அயர்லாந்தில் 1943-ஆம் ஆண்டு பிறந்த அவர் இளமையிலேயே வானநூலில் வேட்கை கொண்டார். ஆனால் ஓர் இடர் குறுக்கிட்டது. வானநூலார் இரவெல்லாம் விழித்திருத்தல் வேண்டுமே! அவருக்கோ உறக்கம் இன்றியமையாதது. ரேடியோ அலைகளைப் பகலிலும் ஆராயலாம் என அறிந்த பின்னரே அவர் உள்ளம் அமைதியுற்றது. கிளாஸ்கோவில் பௌதிகம் பயின்று, 1965-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தார்.

தொலைநோக்கி என்றதும் நீண்ட குழாயும் கண்ணாடி வில்லையும் நம் நினைவுக்கு வரும். அங்கே அவர் கண்டதோ நாலரை ஏக்கர் நிலம். அதில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மரக்கம்பங்களை நட்டுக் கம்பிகளைப் பிணைத்து, 3.7 மீட்டர் நீளமுள்ள அலைகளைப் பற்றும் கருவியை அமைத்தனர். பெல்லும் சம்மட்டி ஏந்தினார். இரண்டு ஆண்டுகள் அவ்வாறே கழிந்தன.

1967 ஜூலையில் கருவி இயங்கத் தொடங்கியது. நாள்தோறும் 96 அடி நீளமுள்ள தாளில் பேனாமுனை கோடிட்டுச் சென்றது. அத்தனையையும் அவர் கண்ணாலேயே ஆராய்ந்தார். ஒருநாள், விரலகலங்கூட இல்லாத ஒரு கிறுக்கல் அவர் கருத்தைக் கவர்ந்தது. அது விண்மீன் இடும் கோடு போன்றதன்று. மோட்டார் வண்டி முதலியவற்றால் விளையும் இடையூறு போன்றதுமன்று. முன்பே இதனைக் கண்டிருக்கின்றோமே என்று பழைய தாள்களைப் புரட்டினார். வானத்தின் அதே இடத்தில் அதே கிறுக்கல் இருந்தது!

மனிதர் செய்யும் ஓசை கடிகாரத்தின் 24 மணியைப் பின்பற்றும். விண்மீன்களோ நாள்தோறும் நான்கு நிமிடம் முந்தி வரும். அக்கிறுக்கல் விண்மீன்களின் கணக்கையே பின்பற்றியது. நவம்பர் 28 அன்று தாளை விரைந்து ஓடச்செய்து பார்த்தபொழுது, அது 1.33 நொடிக்கு ஒருமுறை துடிப்பது தெரிந்தது. விண்மீன் இத்துணை விரைவாகத் துடிக்குமா? அவருடைய ஆசிரியர் ஹூயிஷ், இது மனிதர் செயலே என முதலில் கருதினார். வேற்றுலகத்தார் அனுப்பும் செய்தியோ என்ற பேச்சும் வேடிக்கையாக எழுந்தது.

டிசம்பரில் வானத்தின் வேறொரு மூலையிலும் அத்தகைய கிறுக்கல் தென்பட்டது. அதனைப் பதிவு செய்தற்குரிய நேரம் நள்ளிரவுக்குப் பின்னர் வாய்த்தது. உறக்கத்தை விரும்பிய அம்மாணவி கடுங்குளிரில் அங்குச் சென்றார். குளிரால் கருவி சோர்வுற்றது. அதன்மேல் மூச்சுக்காற்றை ஊதினார், வைதும் பார்த்தார்! வேண்டிய ஐந்து நிமிடம் மட்டும் அது செவ்வையாக இயங்கிற்று. 1.2 நொடிக்கு ஒரு துடிப்பு! இரு வேறு மூலைகளிலிருந்து இரு வேறு உலகத்தார் ஒரே காலத்தில் அழைத்தல் இயலுமா? இயற்கையின் புதுப்பொருள் இது என்னும் துணிவு அவருக்குப் பிறந்தது.

துடிவிண்மீன்கள் எனப்பட்ட இவை, சுமார் 20 கிலோமீட்டர் குறுக்களவுக்குள் சூரியனை விஞ்சிய பொருண்மையை அடக்கிச் சுழல்வன. நண்டு நெபுலாவில் உள்ள ஒன்று, நொடிக்கு 30 முறை ரேடியோவில் துடிப்பது போலவே, கட்புலனாகும் ஒளியிலும் எக்ஸ் கதிரிலும் துடிப்பதை 1969-இல் அறிந்தனர்.

திருமணத்துக்குப் பின் கணவரின் பணி காரணமாக ஊர்தோறும் மாறிய பெல், சென்றவிடத்தில் எத்துறை கிட்டியதோ அதனை அடியிலிருந்து கற்றார். சௌதாம்ப்டனில் காமாக் கதிர். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் விண்வெளி ஆய்வகத்தில் செயற்கைக்கோள் தந்த எக்ஸ் கதிர். எடின்பரோவிலிருந்து, ஹவாய் மலையுச்சியில் அமைந்த 15 மீட்டர்த் தொலைநோக்கியின் மில்லிமீட்டர் அலை.

1974-இல் துடிவிண்மீன் ஆராய்ச்சிக்காக ஹூயிஷ் நோபெல் பரிசு பெற்றார். மாணவியின் பெயர் அதில் இல்லை. முறையன்று என அறிஞர் சிலர் வெளிப்படையாகவே கூறினர். 2018-இல் வேறொரு பெரும் பரிசாக 30 இலட்சம் டாலர் பெல்லுக்குக் கிடைத்தது. அத்தொகை முழுவதையும், வாய்ப்புக் குறைந்த பிரிவினர் பௌதிக ஆராய்ச்சி மாணவர் ஆவதற்கென்றே அவர் வழங்கிவிட்டார்.