சம்பாவுக்கு ஒரு சர்வீஸ்

புரட்டாசி, ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிறு

தெருவே வண்டி கழுவுகிறது. கழுவிச் சந்தனம் வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டால் வருஷத்து சர்வீஸ் முடிந்தது என்று பலருக்கு எண்ணம். நான் முதலில் ஆயிலை இறக்கிவிடுவேன். 1994-இல் வந்த ஸ்பிளெண்டர் மாடல். என்னுடையது அந்தப் பத்தாண்டிலேயே வாங்கியது. 97.2 சிசி, கார்புரேட்டர்.

கூறைநாடு வரை ஒரு சுற்றுப் போய்வந்து, சூடு இருக்கும்போதே 17 ஸ்பானர் போட்டு அடிபோல்ட்டைக் கழற்றினேன். சூடான ஆயில் கசடையும் இழுத்துக்கொண்டு இறங்கும். ஆறவிட்டால் கசடு அடியிலேயே தங்கிவிடும். திரும்ப முடுக்கும்போது கைபலம் காட்டக் கூடாது, கீழே இருப்பது அலுமினியம். மரை போனால் செலவு ஆயிலோடு நிற்காது. புது ஆயில் ஊற்றியதும் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, அளவுக் குச்சியைத் திருகாமல் சும்மா வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். திருகினால் குச்சி இன்னும் கீழே போய் அளவைக் கூடுதலாகக் காட்டும். மெக்கானிக் கடைப் பையன்கள்கூட இதில் அவசரப்படுகிறார்கள்.

பக்கத்து வீட்டுத் தம்பி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தான். “அண்ணே, பழைய ஆயிலக் கொட்டிடாதீங்க. மாட்டுக் கொட்டாய்க் காலுல கரையான் ஏறுது.”

“மாடு நக்குற எடத்துல இதப் பூசாதடா. ஈயமும் இரும்புமா கெடக்கு.”

முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான். பழைய ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு. சாக்கடையில் விட்டால் வாய்க்காலுக்குத்தான் போகும். கேனில் பிடித்து, மெக்கானிக் கடை டிரம்மில் கொண்டுபோய் ஊற்றிவிட்டேன்.

கார்த்திகை 1, முடவன் முழுக்கு

நேற்று ஐப்பசிக் கடைசி நாள், காவிரியில் கடைமுழுக்கு. துலாக்கட்டத்துப் பக்கம் வண்டி போக வழியில்லை. இன்று மழை விட்டிருக்கிறது.

செயினில் ஒரு மாதத்துச் சேறு. டீசல் தொட்ட பழைய பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, கியர் ஆயில் விட்டேன். சக்கரத்தை மெல்லச் சுற்றிக்கொண்டே பல இடங்களில் செயினைத் தூக்கிப் பார்க்க வேண்டும். எல்லா இடத்திலும் தேய்மானம் ஒன்றுபோல் இருக்காது. இறுக்கமான இடத்தில் வைத்துத்தான் தொய்வைச் சரிசெய்ய வேண்டும். தளர்ந்த இடத்தில் டைட் வைத்தால் மற்ற இடத்தில் விண்ணென்று இழுத்து பேரிங்கைத் தின்றுவிடும். இந்த வருஷம் யூரியா மூட்டை நிறைய ஏற்றினேன். 45 கிலோதான், ஆனால் கேரியரில் சிந்தியது ஈரத்தை வாங்கித் துருவாக்கிவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்தாயிற்று.

மழைக்காலத்தில் டேங்கைக் காலியாக விடுவதில்லை. பெட்ரோலில் இப்போது 20 சதம்வரை எத்தனால். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும்.

தை, சம்பா அறுப்பு

கம்பெனிப் புத்தகம் கிலோமீட்டர் கணக்குச் சொல்கிறது. தார் ரோட்டுக்கும் நகரத்துக்கும் அது சரி. இங்கே குறுவை அறுப்பு, அடைமழை, சம்பா அறுப்பு என்றுதான் வண்டிக்குக் காலம். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தார்களா, பிந்தியதா என்பதைப் பொறுத்து என் சர்வீஸ் தேதியும் முன்பின் ஆகும்.

செம்பனார்கோயில் வரை ரோட்டோரமெல்லாம் நெல் காய்கிறது. அறுவடை மெஷின் கிளப்புகிற தூசியில் எதிரே வரும் பஸ் தெரியவில்லை. திரும்பி வந்து பின்சக்கர அச்சைப் பார்த்தால் வைக்கோல் கயிறாகத் திரித்துச் சுற்றியிருந்தது. கத்தியால் அறுத்துத்தான் எடுக்க முடிந்தது.

பிளக்கைக் கழற்றினேன். செங்கல் பொடி நிறத்தில் இருக்க வேண்டிய முனை கரிப்பிடித்திருந்தது. காற்று போதவில்லை, பெட்ரோல் மிஞ்சுகிறது என்று அர்த்தம். மைலேஜ் குறைந்ததற்குக் கார்புரேட்டரைத் திருக வேண்டாம். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சைத் திறந்தால் உள்ளே ஒரு நெல்வயல்! மண்ணெண்ணெயில் அலசி, முறுக்காமல் பிழிந்து, காயவைத்து, ஆயில் தடவி மறுபடி பிழிந்து மாட்டினேன். புது வண்டிகளில் வரும் பசைத்தாள் ஃபில்டரை இப்படிச் செய்யக் கூடாது. கழுவவும் ஊதவும் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

மாசி, முதல் வாரம்

ஸ்பிராக்கெட் பல் கூர்மையாகிவிட்டது. செயினை மட்டும் மாற்றினால் தேய்ந்த பல் புதுச் செயினையும் சீக்கிரம் கெடுத்துவிடும். செட்டாகத்தான் வாங்க வேண்டும். டேப்பட் சத்தம் லேசாகக் கேட்கிறது. அதற்கு ஃபீலர் கேஜ் வேண்டும், காது பழகிய கை வேண்டும். அதை மெக்கானிக்கிடமே விடுவேன். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார், இன்ஜின் ஆறியிருக்க வேண்டுமாம், அதனால் காலையிலேயே தள்ளிக்கொண்டு போக வேண்டும்.