விட்டு விட்டு வரும் பழுது

அடியோடு நின்றுபோன கேமராவைப் பழுது பார்ப்பது எளிது. காலையில் ஒழுங்காக ஓடி, மத்தியானம் மறுத்து, சாயங்காலம் தானே சரியாகிவிடும் கேமராதான் ஆளைச் சோர வைக்கும். என் ஃபிலிம் கேமராவின் ஆட்டோஃபோகஸ் அப்படித்தான் இருந்தது. எண்பதுகளின் கடைசியில் ஜப்பானில் செய்த எஸ்எல்ஆர். மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும் வகை. பொத்தானைப் பாதி அழுத்தினால் ஃபோகஸ் ஆக வேண்டும். ஆகாவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் ஷட்டர் திறக்காது. மங்கலான படம்கூட மிஞ்சாது. கடைக்குக் கொண்டுபோனால், அங்கே மட்டும் பிசகில்லாமல் வேலை செய்யும். "நல்லாத்தானே சார் இருக்கு" என்று திருப்பித் தந்துவிடுவார்கள்.

அதனால் ஒரு சிறு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். எந்த லென்ஸ், ஜூம் எந்த எண்ணில், வெளிச்சம் எப்படி, எதிரே என்ன, மோட்டார் சத்தம் கேட்டதா. சரியாக வேலை செய்த தருணங்களையும் விடாமல் குறித்தேன். பக்கங்கள் நிறைய நிறைய, இரண்டு விதமான தோல்விகள் பிரிந்து தெரிந்தன. சில சமயம் மோட்டார் இரைச்சலோடு ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை போய்வந்து நின்றது. சில சமயம் சத்தமே இல்லை. லென்ஸ் அசையவும் இல்லை. முதலாவதில் கேமரா தேடிப் பார்த்துக் கைவிடுகிறது. இரண்டாவதில் தேடவே தொடங்கவில்லை. இரண்டு காரணங்கள் கலந்து கிடந்ததால்தான் எல்லாமே தற்செயல் போலத் தோன்றியிருக்கிறது.

முதல் வகைக்கு விடை தேடியபோது, கேமரா தானாக ஃபோகஸ் செய்யக் கற்ற வரலாற்றுக்குள் போக வேண்டியிருந்தது. 1976 போட்டோகினா கண்காட்சியில் ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனம் கோரெஃபோட் என்ற ஆட்டோஃபோகஸ் முறையைக் காட்டியது. ஆனால் பெருமளவில் தயாராகி விற்பனைக்கு வந்த முதல் ஆட்டோஃபோகஸ் கேமரா, 1977-இல் வந்த ஜப்பானின் கோனிகா சி35 ஏஎஃப். அதற்குள் இருந்த விசிட்ரானிக் என்ற பாகம் அமெரிக்காவின் ஹனிவெல் தயாரித்தது. 1978-இல் போலராய்டு மீயொலியை அனுப்பித் தூரத்தை அளந்தது; 1979-இல் கேனான் ஏஎஃப்35எம் அகச்சிவப்பு ஒளியால் அளந்தது. லென்ஸ் வழியே வரும் ஒளியைக் கொண்டே ஃபோகஸைச் சரிபார்த்த முதல் 35 மி.மீ. எஸ்எல்ஆர், 1981-இன் பென்டாக்ஸ் எம்இ எஃப். 1985-இல் சென்சார், மோட்டார் இரண்டையும் உடலுக்குள் வைத்து வந்த மினோல்டா 7000 சந்தையையே மாற்றிவிட்டது. காப்புரிமையை மீறியதாக ஹனிவெல் வழக்குத் தொடுக்க, 1992-இல் மினோல்டா 12.75 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

என் கேமரா இந்தப் பரம்பரையில் வந்தது. இந்த வகையில் பிரதான கண்ணாடியின் நடுப்பகுதி ஒளியைக் கொஞ்சம் உள்ளே விடும். பின்னால் இருக்கும் சிறு கண்ணாடி அதைக் கீழே திருப்பும். லென்ஸின் ஒரு பக்கத்து ஒளியும் மறு பக்கத்து ஒளியும் கேமராவின் அடிப்பகுதியில் உள்ள சென்சாரில் இரண்டு பிம்பங்களாக விழும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியை வைத்து, லென்ஸ் எந்தத் திசையில், எவ்வளவு நகர வேண்டும் என்று கேமரா கணக்கிடும். ஒப்பிட ஏதாவது வேண்டுமே! வெறும் சுவரிலும் மங்கிய வெளிச்சத்திலும் ஒப்பிட எதுவும் கிடைக்காது. அதோடு, என் கேமராவில் இருப்பது கிடையாகக் கிடக்கும் ஒரே ஒரு சென்சார் கோடு. செங்குத்துக் கோடுகளை அது நன்றாகப் பிடிக்கும். கிடைக்கோடுகள் அதற்குப் புலப்படாது. என் நோட்டைப் புரட்டினால் இரைச்சலோடு தோற்ற இடங்களில் பல, குளத்துப் படிக்கட்டும் கடலின் தொடுவானமும்தான். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினேன். அதே படிக்கட்டில் உடனே ஃபோகஸ் விழுந்தது. இது பழுதே அல்ல, அந்தத் தலைமுறைக் கேமராக்களின் எல்லை. 1989-இல் கேனான் ஈஓஎஸ்-1 நெடுக்கும் குறுக்குமாக உணரும் சென்சாரோடு வந்தது இந்தக் குறையைத் தீர்க்கத்தான்.

சத்தமில்லாத வகை மிச்சமிருந்தது. பேட்டரி தளர்ந்தால் மோட்டார் கிளம்பும்போது மின்னழுத்தம் சரியும். புதிது போட்டும் மாற்றமில்லை. லென்ஸ் மவுன்ட்டில் உள்ள தொடுமுனைகளைப் பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடைத்தேன், அதுவும் பயனில்லை. அதே உடலில் வேறு லென்ஸ் போட்டபோது இந்தத் தொல்லை வரவில்லை. நண்பரின் கேமராவில் என் லென்ஸை மாட்டியதும் அங்கேயும் வந்தது. ஆக, குற்றம் லென்ஸில். நோட்டைத் திரும்பப் பார்த்தேன்: மௌனம் நேர்ந்ததெல்லாம் ஜூம் அகலக் கோணத்தில் இருந்தபோதுதான்.

பழைய லென்ஸ்களைத் திறந்து பழகிய ஒரு மெக்கானிக்கிடம் அந்தப் பக்கங்களைக் காட்டினேன். படித்ததுமே, "அப்ப ஃப்ளெக்ஸ்தான் சார்" என்றார். ஜூம் வளையத்தோடு சேர்ந்து மடங்கி விரியும் மெல்லிய மின்தடப் பட்டையை அப்படித்தான் சொல்வார்கள். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிவது போல, பல வருட மடிப்பில் அதன் செம்புத் தடம் விரிசல் விட்டிருந்தது. லென்ஸைத் திறந்து மல்டிமீட்டரின் முனைகளை வைத்து வளையத்தை மெல்லத் திருப்பினார். தொடர்ந்து கேட்ட பீப் ஒலி, அகலக் கோணம் வந்ததும் அறுந்தது. திருப்பினால் மறுபடி ஒலித்தது. இதே மாதிரியில் பூஞ்சை பிடித்த வேறொரு லென்ஸிலிருந்து நல்ல பட்டையை எடுத்துப் பொருத்தினார். அதன்பின் அந்த மௌனம் வரவில்லை.

இதுபோன்ற பழைய லென்ஸ்களுக்குப் புது உதிரிபாகம் கிடைப்பது அரிது. கண்ணாடி பாழானாலும் அவற்றை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கும் பட்டையும் மோட்டாரும் இன்னொரு லென்ஸை வாழ வைக்கும். பழுது பார்க்கக் கொடுக்கும்போது கேமராவோடு குறிப்பையும் கொடுங்கள். மேசைமேல் ஒழுங்காக வேலை செய்யும் கருவியை எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாது. அது எப்போது மறுக்கிறது என்று தெரிந்தால் எங்கே திறப்பது என்பது அவருக்குத் தெரியும். அதைப் பார்த்துச் சொல்லக்கூடியவர் தினமும் அதைக் கையில் வைத்திருப்பவர்தான்.