‘பட்டியுண்டு, ஜாக்கிரதை!’

எல்லையோரக் கிராமங்களில் புது வீடுகள் எழும்புகின்றன. காருக்கு இடம் இருக்கிறது. வாலாட்டிக்கொண்டு வருகிற பழைய குடித்தனக்காரர்களுக்கு?

களியக்காவிளை சந்தையைத் தாண்டியதும் வீட்டு கேட்டுகளின் பாஷை மாறிவிடுகிறது. இந்தப் பக்கம் ‘நாய்கள் ஜாக்கிரதை’. அந்தப் பக்கம் ‘பட்டியுண்டு, சூக்ஷிக்குக’. மதுரைக்காரருக்குப் பட்டி என்றால் ஊர், அல்லது ஆடுகளை அடைக்கும் இடம். மலையாளத்தில் அது நாய். இந்தக் குழப்பத்தை ரசித்தபடியே பாறசாலைக்குள் நுழையலாம்.

1956 நவம்பர் 1ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. தமிழர்கள் கேட்ட நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே தங்கிவிட்டது. அதன் தென்கோடியில் பாறசாலை. இரு புறமும் அதே தென்னை, அதே ரப்பர், அதே மரச்சீனி. கோடு காகிதத்தில் மட்டும்தான். கல்யாண சம்பந்தங்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. என் அத்தை அப்படி அக்கரைக்கு வாக்கப்பட்டுப் போனவர்.

அத்தையின் பழைய ஓட்டு வீட்டில் எல்லோருக்கும் இடம் இருந்தது. பின்பக்கம் தொழுத்தில் பசு. அடுக்களைச் சுவரையொட்டிக் கோழிக்கூடு. அடுப்புச் சாம்பலருகே பூனை. தாழ்ந்து இறங்கிய ஓட்டின் கீழே, மழைச் சாரல் படாத வராந்தாவில் நாய். இங்கே ஜூனில் இடவப்பாதி, ஐப்பசியில் துலாவர்ஷம் என்று இரண்டு மழைக்காலம். கூரை இறக்கம் மனிதனுக்கு மட்டுமானதல்ல என்பதை அந்த வீட்டைக் கட்டியவர் அறிந்திருந்தார். கேரளத் தச்சு சாஸ்திரமும் கிணறு, களஞ்சியம் போலவே தொழுவத்துக்கும் வளவில் ஓரிடம் ஒதுக்குகிறது. செல்லப்பிராணி என்ற சொல் புழங்காத காலத்திலேயே பிராணிகளை நினைத்து வீடு கட்டினார்கள்.

அந்த வீட்டை இடித்துக் கான்கிரீட் வீடு எழுப்ப மாமா தயாரானபோது வரைபடத்தைக் காட்டினார். நான்கு படுக்கையறை, கார் ஷெட், மொட்டைமாடி.

“தொழுத்து எங்கே மாமா?”

“பசுவ வித்தாச்சுல்லா மக்களே. இனி எதுக்கு?”

“நாய்?”

“கார் ஷெட்டுல கெட்டிப் போடலாம்.”

அத்தை சுவரைப் பார்த்தபடி சொன்னார்: “அதுவும் இந்த வீட்டுல உள்ள ஆளுதானே?”

மாமா தவறாக ஒன்றும் சொல்லவில்லை. ஊரே அப்படித்தான் கட்டுகிறது. ஆனால் நாயின் கண்ணால் பார்த்தால் கார் ஷெட் ஒரு சிறை. நாயின் உடல் வெப்பம் 38லிருந்து 39 டிகிரி செல்சியஸ். நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் தணிக்க வேண்டும். தகரக் கூரையின் கீழே, மத்தியான வெயிலில் அது போதாது. பளபளக்கும் டைல்ஸ் தரையில் கால் வழுக்கும். வயதான நாய்க்கு இடுப்பே போய்விடும். நாளெல்லாம் சங்கிலியில் கிடக்கும் நாய் சாதுவாக இருக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

மாற்று வழிக்குப் பெரிய செலவில்லை. பின் வராந்தாவில் ஒரு மூலை, மெருகேற்றாத சிமெண்ட் தரை, ஒரு சாண் உயரத்தில் மேடை, அங்கிருந்து கேட் தெரிகிற மாதிரி ஓர் இடைவெளி. திருவனந்தபுரம் நாலாஞ்சிறைக் குன்றில் குடியிருந்து 2007ல் மறைந்த கட்டடக்கலைஞர் லாரி பேக்கர், செங்கற்களுக்கு நடுவே சந்து விட்டு அடுக்கும் ஜாலிச் சுவரைக் கேரளமெங்கும் பிரபலமாக்கினார். காற்று வரும், மழை அவ்வளவாக வராது. நாய் மூலைக்கும் தொழுத்துக்கும் இதைவிடப் பொருத்தமான சுவர் ஏது?

பசு வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு இன்னும் எளிது. ஒரு பசுவுக்குக் கூரையின் கீழ் சுமார் 38 சதுர அடி. தரை பத்தடிக்கு மூன்று அங்குலம் சரிந்து, ஓடை தென்னை மூட்டுக்குப் போக வேண்டும். கிணற்றுப் பக்கம் ஒருபோதும் கூடாது. கோழிக்கூட்டைத் தரையிலிருந்து உயர்த்திக் கம்பிவலை அடித்தால் கீரியும் மரநாயும் ஏமாந்து திரும்பும். தீனியை மூடியுள்ள தகர டப்பாவில் வைப்பது இங்கே கட்டாயம். சிந்திய தீனிக்கு எலி வரும். எலியின் சிறுநீர் கலந்த மழைநீரில் எலிக்காய்ச்சல் வரும். மழைக்காலந்தோறும் கேரளம் அஞ்சுகிற நோய் அது.

இது வெறும் சௌகரியப் பிரச்னை அல்ல. இதே தாலுகாவின் கடற்கரைக் கிராமமான அடிமலத்துறையில், 2021 ஜூன் மாதம் புரூனோ என்ற வளர்ப்பு நாய் அடித்துக் கொல்லப்பட்டது. கேரள உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, அதற்கு அந்த நாயின் பெயரையே சூட்டியது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பிராணி வளர்க்கவே கூடாது என்ற விதி செல்லாது என்றும் அதே ஆண்டு தீர்ப்பளித்தது. மறுபக்கம், தெருநாய்க் கடியும் வெறிநோய் மரணங்களும் கேரளத்தைக் கலங்கடிக்கின்றன. வெறிநோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக நடக்காத காரியம். கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவுவதும், உடனே தடுப்பூசிக்கு ஓடுவதும்தான் காக்கும்.

ஆகவே நாயை நேசிப்பவருக்கும் அஞ்சுபவருக்கும் நடுவே நிற்பது வீட்டின் கேட்தான். அடியில் இடைவெளி இல்லாத கேட். தபால்காரர் உள்ளே வராமலே கடிதம் போட வெளியே பெட்டி. மின்சார மீட்டர் மதிலோரமாக. நாய்க்குத் தடுப்பூசியும் உள்ளாட்சி லைசென்ஸும். இவ்வளவும் இருந்தால் ‘பட்டியுண்டு’ பலகை மிரட்டலாக இல்லாமல் வெறும் தகவலாகிவிடும்.

அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்ட காலையில் நானும் இருந்தேன். பழைய தொழுத்து இருந்த இடத்தில் நாய் படுத்திருந்தது. கொத்தனார் விரட்டியும் எழவில்லை. மாமா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டார்.

“பின் வராந்தாவ ஒரு நாலடி நீட்டிப் போடு.”

அத்தை எதுவும் சொல்லவில்லை. உள்ளே போய் எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்தார்.