திருநூலும் திருச்சபையும்

ஒரு சமயத்தைத் தழுவுதல் ஒருநாள் நிகழ்ச்சி. அச்சமயத்தின்படி வாழ்தலோ நாள்தோறும் தொடரும் முயற்சி. கிறித்துவ நெறியைப் புதிதாக ஏற்றவன் முன்னே இரண்டு வினாக்கள் எழுகின்றன. எதைப் படிப்பது? யாரோடு கூடி வழிபடுவது? இவை எளிய வினாக்கள் போலத் தோன்றும். ஆயினும் இவற்றுக்கு அவன் காணும் விடையைப் பொறுத்தே அவனுடைய வீடும் உறவும் நிலைபெறும், அன்றேல் சிதையும்.

சிங்கப்பூரில் ஓர் இளைஞன். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறிய சைவக் குடும்பத்தில் பிறந்தவன், தந்தையை இழந்தவன், அன்னைக்கு ஒரே மகன். திருமுழுக்குப் பெற்ற சில திங்களுக்குள் அவனுடைய மேசை நூல்களால் நிறைந்துவிட்டது. நண்பர் தந்த சிறு வெளியீடுகள், கூட்டங்களில் வாங்கிய விளக்கங்கள் எனப் பல. ஒன்று கூறியதை மற்றொன்று மறுத்தது. நூல்கள் பெருகப் பெருகத் தெளிவு குறைந்தது.

அவன் தனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியரை நாடினான். முதுமையிலும் படிப்பை விடாத கிறித்துவர் அவர். அவன் சொன்னவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, "தம்பி, குறளைப் படியாமல் பரிமேலழகர் உரையை மட்டும் படித்தவன் வள்ளுவரை அறிந்தவன் ஆவானா? முதலில் மூலத்தைப் படி" என்றார்.

மூலத்தை எங்கே தொடங்குவது? முதல் பக்கத்திலிருந்து தொடங்கி, மூன்றாம் நூலாகிய லேவியராகமத்தின் பலிமுறைகளில் தளர்ந்து நின்றுவிடுவோர் பலர். ஆதலின் நான்கு நற்செய்தி நூல்களுள் மிகச் சிறியதாகிய மாற்குவை அவர் சுட்டினார். 16 அதிகாரங்களே உடையது; ஒரே அமர்வில் படித்து முடிக்கலாம். அதன்பின் லூக்காவையும், அதன் தொடர்ச்சியாகிய அப்போஸ்தலருடைய நடபடிகளையும் படித்தல் நன்று.

அடுத்த வினா, எந்த மொழிபெயர்ப்பு என்பது. சீகன்பால்கு தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி நிறைவுற்றது. அவருக்குப்பின் பப்பிரிசியுசு உழைத்தார். பவர் தலைமையில் உருவான திருத்தம் 1871இல் வெளிவந்தது. சீர்திருத்தச் சபைகளில் பெரிதும் வழங்குவது அதன் நடையே. கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்து ஆக்கிய பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் 1995இல் வந்தது. முன்னதில் சுவிசேஷம், ஞானஸ்நானம், சங்கீதம் என நிற்பவை, பின்னதில் நற்செய்தி, திருமுழுக்கு, திருப்பாடல் எனத் தமிழ் வடிவம் பெறுகின்றன. பழையது ஓசையால் நெஞ்சில் நிற்கும். புதியது பொருளை விரைந்து தரும். இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவனுக்கு ஒன்று மற்றொன்றுக்கு உரையாகும்.

துணைக்கருவிகள் அதன்பின்னரே வேண்டப்படும். ஒரு வசனத்தோடு தொடர்புடைய பிற வசனங்களைக் காட்டும் ஒத்தவாக்கியக் குறிப்பு, வேதாகம அகராதி, நிலப்படம் ஆகியவை போதும். விளக்கவுரை, தானே சிந்தித்தபின் நாட வேண்டியது.

இப்பயிற்சியின் பயன் விரைவிலேயே வெளிப்பட்டது. இளைஞனை ஒரு குழுவினர் அன்போடு வரவேற்றிருந்தனர். அவர்தம் பாடலும் பரிவும் அவனைக் கவர்ந்தன. ஒருநாள் அவர்கள், அன்னை விளக்கேற்றி வழிபடும் வீட்டில் அவன் வாழ்தல் கூடாது என்றனர். தாய்தந்தையரை வெறாதவன் சீடனாக இயலான் என்னும் பொருள்பட லூக்கா 14ஆம் அதிகாரத்தில் வரும் கூற்றைச் சான்று காட்டினர். அன்றிரவு அவன் உறங்கவில்லை. அடுத்த அறையில் அன்னை இருமும் ஒலி கேட்டுக்கொண்டிருந்தது.

அவன் திருநூலைத் திறந்தான். ஒத்தவாக்கியக் குறிப்பு அவனை மத்தேயு 10ஆம் அதிகாரத்துக்கு இட்டுச்சென்றது. அங்கு அதே கருத்து, பெற்றோரை இறைவனைவிட மிகுதியாக நேசித்தல் ஆகாது என்னும் அளவில் நின்றது. மாற்கு 7ஆம் அதிகாரமும் நினைவுக்கு வந்தது. பெற்றோர்க்குரிய உதவியைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்குரிய காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கடிந்துரைத்த இடம் அது. ஒரு வசனத்தால் எழுந்த கலக்கம், நூலை முழுமையாக நோக்கியபோது தீர்ந்தது.

பொழுது விடிந்தபின் அவன் வேறு சபையைத் தேடலானான். 1887இல் தோன்றிய தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை ஷார்ட் தெருவில் உள்ளது. தமிழ்க் கத்தோலிக்கருக்கென எழுந்து, 1888இல் திறக்கப்பட்ட லூர்து அன்னை ஆலயம் ஓபிர் சாலையில் உள்ளது. இவைபோல் வேறு பலவும் உண்டு. கட்டடத்தின் அழகோ கூட்டத்தின் பெருக்கமோ அளவுகோல் ஆகா. திருநூல் அங்கு முறையாக வாசிக்கப்படுகிறதா? ஐயம் எழுப்புவோனுக்குப் பொறுமையோடு விடை தருகிறார்களா? காணிக்கைப் பணத்துக்குக் கணக்குக் காட்டுகிறார்களா? நோயுற்றோரையும் வறியோரையும் நாடிச் செல்கிறார்களா? இவற்றை அறியச் சில ஞாயிறுகள் பொறுத்திருத்தல் வேண்டும். பவுல் உரைத்தவற்றையும் நாள்தோறும் மறைநூலோடு ஒப்பிட்டு ஆராய்ந்த பெரோயா ஊராரை அப்போஸ்தலருடைய நடபடிகள் பாராட்டுகிறது. ஆராய்வது நம்பிக்கைக்குப் பகையன்று.

சில வாரங்கள் கழித்து, தான் கற்ற செய்தி ஒன்றை அவன் அன்னையிடம் கூறினான். பெர்சிவல் பாதிரியாரின் விவிலியத் தமிழாக்கத்துக்குத் துணைநின்றவர் ஆறுமுக நாவலர் என்பதே அது. நாவலரைத் தெய்வமெனப் போற்றும் அன்னை சற்றுநேரம் பேசவில்லை. பின்னர், "நாவலர் அதற்காகச் சைவத்தை விட்டாரா, தம்பி?" என்றார்.

"இல்லை, அம்மா."

"நீயும் என்னை விட்டுவிடாதே."

மகன் அன்னையின் கையைப் பற்றிக்கொண்டான். அவர்களிடையே இருந்த வேறுபாடு நீங்கிவிடவில்லை. ஆயினும் ஞாயிறுதோறும் அவன் ஆலயம் செல்லப் புறப்படும்போது, அவனுடைய சட்டையைத் தேய்த்து வைத்திருப்பவர் அந்த அன்னையே.