சிவப்பை நம்பிய கை



சில ஆண்டுகளுக்கு முன் கொடைக்கானல் சந்தையில் பீச் பழம் வாங்கினேன். சிவந்தவற்றையே பொறுக்கினேன். "சிவப்பைப் பார்க்காதீர்கள் ஐயா, அடியிலுள்ள பச்சை போயிற்றா என்று பாருங்கள்" என்றார் விற்ற அம்மா. நான் செவிகொடுக்கவில்லை. அறையில் நறுக்கியபோது அவை புளித்தன. அவர் கொசுறாகப் போட்ட வெளிறிய பழங்கள் இரண்டுமே தித்தித்தன. சிவப்பு வெயிலாலும் இரகத்தாலும் வருவது. கனிவின் அடையாளம் அன்று.

நெக்டரினையும் வேறு பழமென்றே எண்ணியிருந்தேன். ஒரே மரபணுவின் மாற்றத்தால் தோலின் மென்மயிரை இழந்த பீச்தான் அது. பீச் மரத்தின் கிளையிலேயே நெக்டரின் காய்ப்பதுண்டென டார்வின் 1868இல் எழுதினார். மஞ்சள் சதையும் வெள்ளைச் சதையும், கொட்டையோடு ஒட்டியதும் எளிதில் பிரிவதும் ஒரே இனமே. கனிந்ததும் உருகும் சதை அப்படியே உண்ண இனியது; உருகாத சதை வேகவைத்து டப்பாவில் அடைக்க ஏற்றது. ஒன்றின் குறை மற்றொன்றின் தகுதி.

அன்றிரவு ஒரு முகம் நினைவில் எழுந்தது. வாலிபர் கூட்டத்தை நடத்த ஆள் தேடியபோது, திக்கிப் பேசிய தம்பி ஒருவரை நான் கடந்துபோயிருந்தேன். நோயுற்ற மூதாட்டி ஒருவருக்கு நாள்தோறும் தண்ணீர் சுமந்தவர் அவரே என்பதைப் பின்னரே அறிந்தேன். ஊர் திரும்பியதும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் திக்கியபடியே சிரித்தார்.

இவ்வாரம் உங்கள் கை யாரை ஒதுக்கிற்று? ஆண்டவர் நமக்குப் பொறுமையுள்ள கண்களைத் தருவாராக.