அப்பாவின் எலும்பில் ஐந்து கறுப்புப் புள்ளிகள்

எங்கள் பூம்பாறையில் முதுகுவலியை யாரும் நோய்க்கணக்கில் சேர்ப்பதில்லை. படிக்கட்டு வயலில் குனிந்து பூண்டு நடுகிறவர்களுக்கும், மூட்டை சுமந்து மேட்டில் ஏறுகிறவர்களுக்கும் அது இல்லாமல் இருக்குமா? அப்பாவும் 71 வயதுவரை தைலம் தேய்த்தே ஓட்டினார். சிறுநீர் போவதில் சிரமம் என்று மருத்துவரிடம் போனபோது பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். பிறகு சதைப் பரிசோதனை. புராஸ்டேட் புற்றுநோய் என்று முடிவு வந்தது. அதன் பிறகு அந்த முதுகுவலியை எங்களால் சும்மா விட முடியவில்லை.

"எலும்புக்குப் பரவியிருக்கான்னு பார்த்துரலாம்" என்றார் மதுரை மருத்துவர். இந்தப் புற்றுநோய் பரவினால் பெரும்பாலும் போய் உட்காரும் இடம் முதுகெலும்பும் இடுப்பெலும்பும்தானாம். பரவவில்லை என்றால் முழுதாகக் குணமாக்கும் நோக்கத்தோடு சிகிச்சை. பரவியிருந்தால் வழியே வேறு.

"ஏன் டாக்டர், எக்ஸ்ரேல தெரியாதுங்களா? கொடைக்கானல்லயே எடுத்துரலாமே" என்று அப்பா கேட்டார்.

நல்ல கேள்விதான். எலும்பின் தாதுச்சத்து 30 முதல் 50 சதவீதம்வரை கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் அரிப்பு கண்ணுக்குத் தெரியுமாம். அதுவரை படம் நன்றாகவே இருக்கும். சி.டி. ஸ்கேன் இன்னும் நுணுக்கமானது என்றாலும், அதுவும் பார்ப்பது எலும்பின் வடிவத்தைத்தான். அதனால் போன் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

போன் ஸ்கேன் புற்றுநோயைப் பார்ப்பதில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எலும்பில் ஒட்டும் மருந்தோடு டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளைச் சேர்த்து ஊசி போடுகிறார்கள். எலும்பு எங்கெல்லாம் தன்னைச் சரிசெய்துகொள்ள மும்முரமாக வேலை செய்கிறதோ, அங்கெல்லாம் அது கூடுதலாகச் சேரும். புற்றுநோய் வந்து சீண்டினாலும் சேரும், எலும்பு முறிந்திருந்தாலும் சேரும், மூட்டு தேய்ந்திருந்தாலும் சேரும்.

எங்களுக்குப் பெரிய தலைவலி நேரம்தான். டெக்னீசியத்தின் வீரியம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். பெட் ஸ்கேனுக்குப் பயன்படும் ஃபுளூரின்-18 என்றால் 110 நிமிடம், காலியம்-68 என்றால் 68 நிமிடம். நோயாளிகளின் நேரத்தைக் கணக்கிட்டுத்தான் மருந்தைத் தயார் செய்கிறார்கள். பூம்பாறையிலிருந்து கொடைக்கானல், வத்தலக்குண்டு வழியாக மதுரை ஏறக்குறைய 140 கிலோமீட்டர். மழை நாளில் ரோட்டில் ஒரு மரம் சாய்ந்தால் போச்சு. அதனால் முதல் நாளே இறங்கி லாட்ஜில் தங்கினோம். "நம்ம பூண்டு புகையில மாசக்கணக்காக் கெடந்தாலும் கெடாது தாயி. இது என்ன மருந்து, பஸ்ஸு வர்றதுக்குள்ள பாதியாப் போகுது?" என்று அப்பா சிரித்தார்.

ஊசி போட்டு மூன்று மணி நேரம் காத்திருப்பு. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். அன்று முழுக்கக் கைக்குழந்தைகளிடமும் கர்ப்பிணிகளிடமும் நெருங்க வேண்டாம் என்றார்கள். பேரனை மடியில் வைக்கக் கூடாது என்பதுதான் அப்பாவுக்கு ஊசியைவிட வலித்தது.

படத்தில் ஐந்து கறுப்புப் புள்ளிகள். வலது விலாவில் வரிசையாக மூன்று, கீழ்முதுகில் ஒன்று, இடுப்பெலும்பில் ஒன்று. எனக்குக் கால் நடுங்கியது. மருத்துவரோ, "ஐயா எங்கயாச்சும் விழுந்தீங்களா?" என்று கேட்டார். போன மழைக்காலத்தில் வயல் கல்கட்டிலிருந்து சறுக்கி விழுந்ததை அப்பா அப்போதுதான் சொன்னார். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை! விலாவில் இப்படி வரிசையாகப் புள்ளிகள் இருந்தால் அது பெரும்பாலும் அடிபட்டதன் தடம் என்றார். கீழ்முதுகில் இருப்பது தேய்மானம் போலத் தெரிகிறது. இடுப்புப் புள்ளியைத்தான் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அடுத்தது எம்.ஆர்.ஐ.யா, பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேனா? எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு கிடையாது. எலும்பின் கடினப் பகுதி கெடுவதற்கு முன்பே மஜ்ஜைக்குள் நடக்கும் மாற்றத்தைக் காட்டிவிடும். பி.எஸ்.எம்.ஏ. ஸ்கேன், புராஸ்டேட் புற்றுநோய் செல்களின் மேல் அதிகமாக இருக்கும் ஒரு புரதத்தைத் தேடிப் பிடிக்கிறது. அதாவது எலும்பின் பதிலைப் பார்க்காமல் நோயையே பார்க்கிறது. ஆஸ்திரேலியாவில் 302 ஆண்களிடம் நடத்திய ஆய்வு 2020-ல் லான்செட் இதழில் வந்தது. பரவலைச் சரியாகச் சொல்வதில் இதன் துல்லியம் 92 சதவீதம், சி.டி.யும் போன் ஸ்கேனும் சேர்ந்தே 65 சதவீதம்தான். ஆனால் இதுவும் ஏமாற்றுவது உண்டு. ஆறிவரும் முறிவும் சில நேரம் இதில் லேசாக ஒளிரும்.

நிணநீர்க் கட்டிகளையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று பி.எஸ்.எம்.ஏ. எடுத்தோம். விலாவிலும் முதுகிலும் ஒன்றுமில்லை. இடுப்பில் மட்டும் பளிச்சென்று ஒளிர்ந்தது.

"அப்ப அஞ்சு இல்ல, ஒண்ணுதான?" என்றார் அப்பா. ஆமாம், ஒன்றுதான். ஆனாலும் பரவிவிட்டது. ஹார்மோனை அடக்கும் ஊசி, மாத்திரை, கூடவே கதிர்வீச்சு என்று சிகிச்சை தொடங்கியது.

"முதல்லயே பெரிய ஸ்கேன் எடுத்திருக்கலாமே" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். பணமும் பக்கத்திலேயே வசதியும் இருக்கிறவர்களுக்கு அது சரி. விலை பல மடங்கு. காப்பீட்டு அட்டையில் எது வரும் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். எல்லாப் புற்றுநோய்க்கும் பி.எஸ்.எம்.ஏ. பொருந்தாது என்பதும் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் சர்க்கரை கலந்த மருந்து போடும் பெட் ஸ்கேன்தான். மஜ்ஜையில் வரும் மயலோமாவை போன் ஸ்கேன் அடிக்கடி கோட்டைவிடும். வீட்டில் யாருக்காவது தேவைப்பட்டால், "இந்த ஸ்கேன் எதைக் காட்டும், எதைக் காட்டாது?" என்று கேளுங்கள். பழைய அடி, முறிவு எதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

மருத்துவர் ஒரு எச்சரிக்கையும் தந்திருக்கிறார். கால் திடீரென்று பலமிழந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தண்டுவடம் நசுங்குகிறதா என்று அன்றைக்கே எம்.ஆர்.ஐ. பார்த்தாக வேண்டும். ராத்திரி மலையிறங்கும் வண்டிக்காரர்கள் மூன்று பேரின் எண்ணை அம்மா சமையலறைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறாள்.

அடுத்த மாதம் பி.எஸ்.ஏ. பார்க்க வேண்டும். அதற்கு மதுரைவரை போக வேண்டியதில்லை, கொடைக்கானலிலேயே ரத்தம் எடுத்துக்கொள்கிறார்கள். காலை பஸ்ஸில் போய் மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம் என்கிறார் அப்பா.