நாலாம் நம்பர் சட்டை

தொடர்கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. எந்த இடத்தில் 'முற்றும்' போடுவது என்பது அவன் கையில் இருக்கிறது. கதாநாயகன் நல்ல பெயரோடு நிற்கும்போதே கதையை நிறுத்திவிட்டால் போதும். அதற்குப் பிறகு அவன் யாரோடு சண்டை போட்டான், யார் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தான் என்று எந்த வாசகரும் கடிதம் எழுதிக் கேட்கப் போவதில்லை. நிஜமாக வாழ்கிற கதாநாயகர்களுக்கு இந்தச் சௌகரியம் கிடையாது. கைதட்டல் ஓய்ந்த பிறகும் அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். காலையில் எழுந்து பல் தேய்க்கிறார்கள். அபிமானிகளின் மனம் புண்படும்படி ஏதாவது செய்தும் வைக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஒரு கதாநாயகர் பிரெட் ஃபார்வ். பெயரை எழுதுவது ஒரு விதம், உச்சரிப்பது ஒரு விதம். ஆங்கிலத்தில் 'வ்' முன்னால் வருகிறது, 'ர்' பின்னால் வருகிறது, வாய் மட்டும் அதை மாற்றிச் சொல்கிறது. அமெரிக்காவில், விஸ்கான்ஸின் மாநிலத்துக் கிரீன் பே என்ற ஊருக்காக அவர் ஆடியது பதினாறு பருவங்கள். அவர் அந்த ஊரை விட்டுப் போனதைப் பற்றி ஜனங்கள் வழக்காடத் தொடங்கியும் பதினாறு வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டது. வழக்கு இன்னும் தீரவில்லை.

ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கால்பந்து என்று பெயரே தவிர, அமெரிக்கர்களின் இந்த ஆட்டத்தில் காலைவிடக் கைக்குத்தான் வேலை அதிகம். இரு முனையும் கூம்பிய பந்தைப் பற்றிக்கொண்டு எதிராளியின் எல்லையை நோக்கி ஓட வேண்டும். அல்லது முன்னால் ஓடுகிற தோழனுக்கு எறிய வேண்டும். அப்படி எறிகிறவருக்கு குவார்ட்டர்பேக் என்று பெயர். மலை மாதிரி ஆட்கள் தம்மேல் விழ ஓடி வரும்போது, இரண்டு மூன்று வினாடிகளுக்குள், யாருக்கு எறிவது என்று அவர் தீர்மானித்தாக வேண்டும். ஜயித்தால் புகழில் பெரும் பங்கு அவருக்கு. தோற்றால் வசவு முழுவதும் அவருக்கு. ஏறக்குறையக் குடும்பத் தலைவனுடைய உத்தியோகம்தான்.

கிரீன் பே பெரிய நகரம் அல்ல. 2020 கணக்கெடுப்பின்படி ஜனத்தொகை சுமார் 1,07,000. ஆட்ட மைதானத்தில் மட்டும் 81,000 பேருக்கு மேல் உட்காரலாம். 'பாக்கர்ஸ்' என்ற அந்த ஊர் அணி 1919-ல் பிறந்தது. இறைச்சியை டப்பாவில் அடைக்கும் கம்பெனி ஒன்று சட்டை வாங்கப் பணம் கொடுத்ததால் அந்தப் பெயர் வந்தது. நாட்டின் மற்றப் பெரிய அணிகளுக்கெல்லாம் கோடீசுவரர்கள் சொந்தக்காரர்கள். இந்த அணிக்கோ 1923 முதல் ஜனங்களே சொந்தக்காரர்கள். ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பங்கு வைத்திருக்கிறார்கள். அந்தப் பங்குக்கு லாபத் தொகை கிடையாது. விலை ஏற்றி விற்கவும் முடியாது. பத்திரத்துக்குக் கண்ணாடி போட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். பருவம் முழுவதற்கும் டிக்கெட் வாங்கக் காத்திருப்போரின் பட்டியலில் ஒரு லட்சத்துக்கு மேல் பெயர்கள் இருக்கின்றன. குழந்தை பிறந்தவுடன் அதன் பெயரைப் பதிந்துவிட்டு வருகிற தகப்பன்மார் உண்டு.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சினிமா நட்சத்திரம் கட்சி மாறினால் ரஸிகர்கள் வருந்துவார்கள். ஆனால் கிரீன் பேயில் அந்த வருத்தம் வேறு ஜாதி. பங்காளி வீட்டுச் சண்டை அது.

2024 அக்டோபரில் விஸ்கான்ஸினில் வேலையாயிருக்கும் என் மைத்துனர் என்னை அந்த ஊருக்கு அழைத்துப் போனார். வெள்ளிக்கிழமை சாயங்காலம். அந்தப் பக்கத்தில் வெள்ளிக்கிழமை என்றால் ஓட்டல்தோறும் மீன் வறுவல். நான் பாலாடைக்கட்டி வறுவலோடு நிறுத்திக்கொண்டேன். எங்களோடு மேஜையில் மூன்று பேர்: மைத்துனருக்குப் பரிச்சயமான ஒரு பெரியவர், காகித ஆலையில் நாற்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர், அவருடைய பேரன், இருபத்து நாலு வயதுப் பையன், பக்கத்து வீட்டுப் பள்ளி ஆசிரியை. நான் வெளியூர்க்காரன் என்பதால், சும்மா பேச்சு வளர்க்க, "ஃபார்வ் நல்லவரா?" என்று கேட்டேன். மீன் ஆறிப்போயிற்று.

பெரியவர்தான் ஆரம்பித்தார். 1967-லும் 1968-லும், நாட்டின் மகுட ஆட்டமான சூப்பர் பவுல் முதல் இரண்டு முறை நடந்தபோது, இரண்டிலும் ஜயித்தது கிரீன் பே. பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டி. பிற்பாடு அந்தக் கோப்பைக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். "கோப்பையில் எங்கள் ஆள் பெயர் இருந்தது. கோப்பை மட்டும் எங்களிடம் இல்லை" என்றார் பெரியவர். இருபத்து நாலு வருஷம் வறட்சி. 1992-ல் அட்லாண்டா அணியிலிருந்து ஒரு பையனை வாங்கி வந்தார்கள். அங்கே அவன் எறிந்த பந்துகள் நாலு. சொந்த ஆள் கைக்கு ஒன்றும் போகவில்லை. எதிராளி கைக்கு இரண்டு போயின. கிரீன் பேக்கு வந்து எறிந்து பிடிபட்ட முதல் பந்தையோ, தட்டுப்பட்டுத் திரும்பியதால், அவனே பிடித்துக்கொண்டான்!

"ஆனால் அதே மாதம் 20-ம் தேதி, முதல் ஆட்டக்காரருக்கு அடிபட்டதால் அவனை இறக்கினார்கள். ஆட்டம் முடியப் பதின்மூன்று வினாடி இருக்கும்போது எறிந்தான் பாருங்கள்! 24க்கு 23. அடுத்த வாரத்திலிருந்து 253 ஆட்டங்கள், ஒன்றுகூட விடாமல் ஆடினான். கட்டைவிரல் உடைந்தும் ஆடினான். 1997 ஜனவரியில் கோப்பை வீட்டுக்கு வந்துவிட்டது."

ஆங்கிலத்தில் அவன், அவர் என்ற பேதம் கிடையாது. ஆனாலும் பெரியவர் பேசியதைத் தமிழில் எழுத உட்காரும்போது என் பேனா 'அவன்' என்றுதான் எழுதுகிறது. வேறு எப்படி எழுதினாலும் அது அவர் குரலாக இல்லை.

ஆசிரியைக்கு 1997 அவ்வளவு முக்கியமில்லை. அவர் சொன்னது 2003 டிசம்பர் 22. அதற்கு முதல் நாள் ஃபார்வின் தகப்பனார் காரோட்டிப் போகையில் மாரடைப்பால் இறந்துவிட்டார். மிஸிஸிப்பியில் பள்ளிக்கூட நாட்களில் மகனுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்த பயிற்சியாளரும் அந்தத் தகப்பனார்தான். மறுநாள் இரவு ஓக்லண்டில் ஆட்டம். ஃபார்வ் ஆடினார். 399 கஜம் எறிந்தார். நாலு முறை எல்லை கடக்க வைத்தார். 41க்கு 7.

"என் அப்பா இறந்து அப்போது ஆறு மாதம்" என்றார் ஆசிரியை. "அந்த ஆறு மாதமும் நான் அழவே இல்லை. அன்று ராத்திரிதான் அழுதேன். அதற்காக அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்."

பேரன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். அவனுக்கு விவரம் தெரிந்தபோது ஃபார்வ் ஊரை விட்டுப் போயாகிவிட்டது. எதிராளி கைக்கு ஃபார்வ் எறிந்த பந்துகள் மொத்தம் 336, இதுவரை யாரும் தாண்டாத எண்ணிக்கை என்று எடுத்துவிட்டான். 2008 ஜனவரியில், பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரிக் குளிரில், சொந்த மைதானத்தில், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியோடு கூடுதல் நேரத்தில் எறிந்த பந்தும் அதில் ஒன்று. அத்தோடு சூப்பர் பவுல் போயிற்று. மார்ச்சில் கண்ணீர் விட்டு விடைபெற்றார். கோடையில், "திரும்ப ஆடுகிறேன்" என்றார். அணியோ அதற்குள், மூன்று வருஷமாகப் பின்னால் காத்திருந்த ஆரன் ராஜர்ஸ் என்ற இளைஞனைத் தேர்ந்துகொண்டிருந்தது. ஆகஸ்டில் ஃபார்வை நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதையாவது மன்னிக்கலாம். 2009-ல் அவர் போய்ச் சேர்ந்த இடம் பக்கத்து மாநிலமான மின்னஸோட்டாவின் வைகிங்ஸ்! பரம்பரைப் பகையாளி. அந்த வருஷம் இரண்டு முறை கிரீன் பேயைத் தோற்கடித்தார். நவம்பர் 1-ம் தேதி கிரீன் பே மைதானத்திலேயே, பகையாளியின் ஊதாச் சட்டையில், நாலு முறை எல்லை கடக்கவைத்து ஜயித்தார். ஊரே சேர்ந்து கூச்சல் போட்டு அவரை வைதது.

"நானும் வைதேன்" என்றார் ஆசிரியை. "தொண்டை கட்டிப்போய் மறுநாள் வகுப்பில் பேச முடியவில்லை. மற்ற ஊர் ஆட்டக்காரர்கள் வந்து எங்களைத் தோற்கடித்ததில்லையா? அவர்களை யார் அப்படி வைகிறார்கள்?"

யோசித்துப் பார்த்தால், அன்றைய கூச்சலும் உறவு கொண்டாடியதுதான். அந்நியனைத் திட்ட மனிதனுக்கு அவ்வளவு தெம்பு வருவதில்லை. 2015 ஜூலையில் அவரை மறுபடி அழைத்து, நாலாம் நம்பரை இனி எவரும் அணியக்கூடாது என்று ஒதுக்கிக் கௌரவித்தபோது, மைதானத்தில் 67,000 பேருக்கு மேல் கூடினார்கள். அன்று அங்கே ஆட்டம் ஒன்றும் கிடையாது. ஒரு மனிதரைப் பார்க்க மட்டும் வந்த கூட்டம் அது. எழுந்து நின்று கைதட்டி ஓயவில்லையாம். அதே நவம்பரில், மழையும் குளிருமான இரவில், அவர் பெயர் மைதானத்தில் பொறிக்கப்பட்டது. லொம்பார்டி காலத்துக் கதாநாயகர் பார்ட் ஸ்டார், பக்கவாதத்தால் தளர்ந்த உடம்போடு வந்து பக்கத்தில் நின்றார்.

நானாயிருந்தால் அங்கேதான் 'முற்றும்' போட்டிருப்பேன். மழை, முதியவர், இளையவர், கைதட்டல்: எந்தப் பத்திரிகை ஆசிரியரும் ஆட்சேபிக்க மாட்டார்.

பேரன் விடவில்லை. "மிஸிஸிப்பி?" என்றான்.

மேஜையில் பேச்சு நின்றது. ஏழைகளின் நிவாரணத்துக்கான பணத்திலிருந்து 11 லட்சம் டாலர் ஃபார்வுக்கு, செய்யாத பிரசங்கங்களுக்காகப் போய்ச் சேர்ந்தது என்று மிஸிஸிப்பி மாநிலத் தணிக்கையாளர் 2020-ல் சொன்னார். அது என்ன பணம் என்றே தமக்குத் தெரியாது என்றார் ஃபார்வ். தொகையைத் திருப்பிக் கொடுத்தார். 2022-ல் மாநிலம் அவரையும் சேர்த்துச் சிவில் வழக்குத் தொடுத்தது. குற்ற வழக்கு எதுவும் அவர்மேல் போடப்படவில்லை. 2024 செப்டம்பரில், அதாவது நாங்கள் உட்கார்ந்து பேசியதற்கு முந்திய மாதத்தில், அமெரிக்கக் காங்கிரஸ் கமிட்டி ஒன்றின் முன் இது பற்றிப் பேச வந்தவர், தமக்குப் பார்க்கின்ஸன் வியாதி கண்டிருப்பதாகச் சொன்னார்.

"அது வேறு, இது வேறு. எறிந்த பந்து எறிந்ததுதான்" என்றார் பெரியவர்.

"எப்படி வேறாகும்?" என்றார் ஆசிரியை. "என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு இலவசம். அவர்கள் நடுவில் நான் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்க முடியுமா?" சற்றுக் கழித்து, மெதுவாக, "ஆனாலும் அந்த ராத்திரி நான் அழுதது பொய் இல்லையே!" என்றார்.

அவர்கள் மூவரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். பெரியவர் 1997-ல் முடிக்க ஆசைப்பட்டார், ஆசிரியை 2003-ல், பேரன் 2008-ல்தான் கதையை ஆரம்பிக்கவே செய்தான். ஒரு மனிதனுடைய பெயரைப் பற்றி நாம் போடும் சண்டைகளில் முக்கால்வாசி இப்படி எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது என்ற சண்டைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஆசிரியை மட்டும் எதையும் வெட்டிப் போடச் சம்மதிக்கவில்லை. பட்ட கடனையும் தள்ளவில்லை, கண்ட குறையையும் மறைக்கவில்லை. ஒரு மனிதர் நமக்குக் கொடுத்த சந்தோஷம் பின்னால் அவர் செய்ததால் செல்லாக் காசாகிவிடாது; பின்னால் செய்ததற்கு அந்தச் சந்தோஷம் ஈடாகவும் ஆகாது. இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரு தொகை எழுதத்தான் கை துறுதுறுக்கிறது. எழுதாமலிருப்பது கஷ்டமான காரியம். அந்த அம்மாள் பதினாறு வருஷமாக அந்தக் கஷ்டத்தைப் பட்டுக்கொண்டிருக்கிறார்.

பெரியவர் பில்லைக் கொண்டுவரச் சொன்னார். அப்போது பேரன், அதுவரை இருந்த வீறாப்பெல்லாம் போய், "தாத்தா, அவன் போனபோது உங்கள் சட்டையை என்ன செய்தீர்கள்? கொளுத்தினீர்களா?" என்று கேட்டான்.

அவன் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவனுடைய கதாநாயகர் ராஜர்ஸ். 2011-ல் அவரும் கோப்பை கொண்டுவந்தார். 2023-ல் அவரும் மனக்கசப்போடு ஊரை விட்டுப் போனார். போனது எங்கே என்கிறீர்கள்? அதே நியூயார்க் ஜெட்ஸ்!

"சில பேர் கொளுத்தினார்கள்" என்றார் பெரியவர். "உன் பாட்டி பூச்சி உருண்டை போட்டுப் பெட்டியில் வைத்துவிட்டாள். ஏழு வருஷம் நான் அதைத் தொடவில்லை. 2015-ல் எடுத்துப் போட்டுக்கொண்டேன். வயிற்றுப் பக்கம் கொஞ்சம் பிடித்தது."

பையன் சிறிது நேரம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்:

"அந்தப் பெட்டியில் இன்னும் ஒரு சட்டைக்கு இடம் இருக்குமா, தாத்தா?"